வகுப்புக்கு வெளியே படித்தவர்கள்

முன்னாள் மாணவர் சந்திப்பு என்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இப்போது ஏறக்குறைய ஒரு திருவிழா. கோடை விடுமுறையிலோ பொங்கலை ஒட்டியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஃப்ளெக்ஸ், பழைய ஆசிரியர்களுக்குச் சால்வை, பள்ளிக்கு ஒரு பீரோவோ குடிநீர் இயந்திரமோ நன்கொடை, மதியம் பிரியாணி. அதற்கு முன்னால், ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, இன்ன ஊரில் இன்ன வேலை என்று சொல்லும் படலம் ஒன்று உண்டு. திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் உள்ள கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் அந்தப் பட்டியலை ஓரளவுக்கு முன்கூட்டியே எழுதிவிடலாம்: ஆசிரியர், போலீஸ், ராணுவம், ரயில்வே, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகள், சென்னையில் ஐ.டி., தறி, சொந்தக் கடை. காட்டில் வேலை செய்கிறேன், பறவை கணக்கெடுக்கிறேன் என்று சொல்பவர் அபூர்வம். சொன்னாலும், “அதுக்குச் சம்பளம் தர்றாங்களா?” என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

கேள்வி நியாயமானது. அதற்குச் சிலர் தங்கள் வாழ்க்கையாலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பற்றிய செய்தி, அது மிகவும் தேவைப்படும் பள்ளிகளை எட்டுவதில்லை.

வனவியல் கற்பிக்கும் நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கே முன்னாள் மாணவர் செய்தி என்றாலே சுற்றுச்சூழல் செய்திதான். கிஃபோர்ட் பின்ஷோ குடும்பத்தின் கொடையில் 1900இல் தொடங்கிய அமெரிக்காவின் யேல் வனவியல் பள்ளியில் 1909இல் பட்டம் பெற்றவர் ஆல்டோ லியோபோல்ட். உலகம் முழுவதும் காட்டுயிர் மேலாண்மை படிப்பவர்கள் இன்றும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்தியாவில் டேராடூன் வனப்பள்ளி 1878இல் வந்தது. ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழ் அதற்கும் மூன்றாண்டு மூத்தது. கோவையில் 1912இல் சென்னை வனக் கல்லூரி தொடங்கியது. இங்கெல்லாம் படித்தவர்கள் அரசாங்க வேலைக்கென்றே தயாரானவர்கள். வெள்ளையர் காலத்தில் அந்த வேலையில் பெரும்பகுதி தேக்கும் ரயில் பாதைக் கட்டையும்தான். காடு என்றால் மரக்கிடங்கு என்று நினைத்த காலம் அது.

சாதாரணப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பாம்பையும் ஆமையையும் செந்நாயையும் தேடிப் போனது பிறகு நடந்தது. பாடத்திட்டம் அவர்களை அனுப்பி வைக்கவில்லை. சுற்றுச்சூழலை எல்லா நிலையிலும் கற்பிக்க வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே 1991இல்தான். இங்கே வருகிறவர்களில் மூத்தவர்கள் அதற்குள் தங்கள் வேலையில் பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

கொடைக்கானல் மாணவரும் சேலையூர்ப் பாம்புகளும்

ரோமுலஸ் விட்டேக்கர் 1943இல் நியூயார்க்கில் பிறந்து, எட்டு வயதில் தாயோடு இந்தியா வந்தவர். 1901இல் தொடங்கிய கொடைக்கானல் பள்ளியில் விடுதி மாணவர். விடுதிக் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வளர்த்தார் என்பது அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் கதைகளில் தலையாயது. மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவருக்குக் கல்லூரி ஒத்துவரவில்லை. மயாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புப் பண்ணையில் சேர்ந்து விஷம் எடுக்கும் வேலையைப் பழகினார். 1967இல் இந்தியா திரும்பினார். 1969இல் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறிய அளவில் பாம்புப் பண்ணை தொடங்கினார். 1972இல் அது கிண்டிக்கு மாறியது. பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் சென்னைக்குப் போய்வந்த இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் நல்ல பாம்பை முதன்முதலாக அருகில் பார்த்தது அங்கேதான். 1976இல் மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை அவரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கினர். 2005இல் கர்நாடகத்தின் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் வந்தது. 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தப் பட்டியல் எந்தப் பள்ளிக்கும் பெருமைதான். ஆனால் விட்டேக்கர் செய்த வேலைகளில் கனமானது பட்டியலின் நடுவே ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்ல, பள்ளிக்கூடமே பார்க்காத சிலரிடம் போக வேண்டும்.

செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் இருளர் குடியிருப்பு இல்லாத வட்டாரம் குறைவு. வயல் வரப்பில் எலி வளையைத் தோண்டி எலியையும், அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பவர்கள். பாம்புத் தோலுக்கு விலை இருந்த காலத்தில் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பிறகு 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை ஒரேயடியாக நிறுத்தின. பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டில் அடுப்பு அணைந்தது. பாதுகாப்புச் சட்டங்களைப் பாராட்டி எழுதுபவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடம் இது.

விட்டேக்கர் தாண்டிப் போகவில்லை. பாம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இருளர்கள் கற்றுக் கொடுத்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. சங்கத்தின் வேலை முறை எளிமையானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு வகைகளை மட்டும், வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து வருவார்கள். பாதியளவு மணல் போட்ட மண்பானையில் பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டி, பானையில் வகையும் தேதியும் எழுதி வைப்பார்கள். தலையை லேசாகப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்க விடும்போது, வெளிர் மஞ்சளாகச் சில சொட்டுகள் இறங்கும். மூன்று நான்கு வாரங்களில் சுமார் நான்கு முறை இப்படி விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் அடையாளம் காட்டிக் கொடுக்கும். எடுத்த விஷம் பொடியாகி, மருந்து நிறுவனங்களுக்குப் போய், குதிரைகளின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் விஷமுறிவு மருந்தாக வந்து சேர்கிறது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் பாம்பு விஷத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்தச் சங்கத்திடமிருந்தே வந்திருக்கிறது.

இதன் அருமை கரும்புத் தோட்டமும் நெல் வயலும் சூழ்ந்த திருத்தணி வட்டாரத்துக்குத் தெரியாததல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தவர்.

சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே செல்லப் பிராணியாக வந்து சேர்ந்து, காட்டில் பெருகி, உள்ளூர் உயிரினங்களைத் தின்று தீர்க்கும் பர்மிய மலைப்பாம்புகளை அந்த நாட்டு நிபுணர்களால் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. இவர்கள் எச்சத்தையும் தடத்தையும் புல் மடங்கிய விதத்தையும் பார்த்துத் தேடினார்கள். பிடித்தவற்றில் ஒன்று 16 அடி நீளம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு இல்லாத இருவர், ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டத்துக்கு நிபுணர்களாகப் போய்வந்தது சுற்றுச்சூழல் துறையில்தான் நடக்கும்.

ராத்திரியில் கடற்கரை நடந்தவர்கள்

சேலையூர், கிண்டிப் பாம்புப் பண்ணையைச் சுற்றி 1970களில் ஒரு இளைஞர் கூட்டம் இருந்தது. அதில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி. மாணவர், ஆனால் மனமெல்லாம் கடலில். சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடி இந்தக் கூட்டம் இரவில் நடக்கத் தொடங்கியது. நாயும் மனிதரும் தோண்டுவதற்கு முன் முட்டைகளை எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காத்தார்கள்.

சதீஷ் பாஸ்கர் பிறகு நாட்டின் கடற்கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாக அளந்தார். குஜராத், லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்ற அடிப்படைத் தகவலில் பெரும்பகுதி அவர் நடந்து சேர்த்தது. 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தன்னந்தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் படகு வராது, தபால் கிடையாது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். 24 நாளில் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்க இனிக்கும் கதை. வீட்டில் இருந்தவருக்கு அந்த மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சதீஷ் பாஸ்கர் 2023இல் மறைந்தார்.

அந்த நடை பல கை மாறி, 1988இல் கல்லூரி மாணவர்களிடம் வந்தது. அவர்கள் தொடங்கியதுதான் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு நடை. ஆமை கரையேறிய தடம் ஈர மணலில் டிராக்டர் சக்கரம் போனது போலத் தெரியும். தடம் முடியும் இடத்தில் கம்பியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தில் கையால் தோண்டினால், சுமார் நூறு முட்டைகள் பிங்பாங் பந்துபோல இருக்கும். எடுத்த முட்டைகளை அதே ஆழத்தில், அதே குடுவை வடிவக் குழியில் புதைக்க வேண்டும். 45 முதல் 55 நாளில் குஞ்சு வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். பூமி சூடாவதன் விளைவைப் பிளஸ் டூ மாணவருக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

அமைப்பைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சூழலியல் பேராசிரியர். 2008இல் தக்‌ஷின் அறக்கட்டளையைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். இந்தியாவின் கடலாமைப் பாதுகாப்பு வரலாற்றை 2015இல் புத்தகமாக எழுதினார். அவரோடு நடந்த மற்றவர்களில் பலர் வேறு வேறு தொழிலுக்குப் போனார்கள். அதில் தவறில்லை. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

வேலை முடிந்தபாடில்லை. 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றியுள்ள கரைகளிலும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுத் திணறியதே காரணம் என்று பரிசோதனைகள் காட்டின. 37 ஆண்டு நடைக்குப் பிறகும் இது நடக்கிறது. கரையில் முட்டையைக் காப்பது பாதி வேலை, மீதிப் பாதி கடலில் இருக்கிறது.

கொடைக்கானல் விடுதி மாணவர் ஒருவர் பாம்புப் பண்ணை வைத்தார். அங்கே வந்துபோன ஐ.ஐ.டி. மாணவர் ஆமைக்குப் பின்னால் போனார். அவர்கள் தொடங்கிய நடை, அடுத்த தலைமுறைக் கல்லூரி மாணவர் ஒருவரைப் பேராசிரியராக்கியது. சுற்றுச்சூழல் வேலைக்கு ஆள் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தவர்களைவிட, யாரோ ஒருவர் பின்னால் ஒரு நாள் போய்ப் பார்த்தவர்கள் அதிகம்.

நாங்குநேரியும் திருவண்ணாமலையும்

கொடைக்கானலும் ஐ.ஐ.டி.யும் வசதியுள்ள இடங்கள் என்ற முணுமுணுப்பு எழலாம். நாங்குநேரியில் 1945இல் பிறந்த ஏ.ஜே.டி.ஜான்சிங்கை அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஊர் நூலகத்தில் ஜிம் கார்பெட், கூப்பிடு தூரத்தில் களக்காட்டு மலை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் விலங்கியல் படித்து, சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தார். அந்த வேலையில் இருந்தபடியே 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் நடந்து ஆராய்ந்தார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை இந்தியர் ஒருவர் முறையாக ஆராய்ந்தது அதுவே முதல் முறை. 1985இல் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்தார். இன்று புலி, யானை, சிறுத்தை ஆராய்ச்சியில் இருக்கும் பலர் அவர் கையில் பயிற்சி பெற்றவர்கள். 2024 ஜூனில் காலமானார்.

காட்டுக்குப் போகாமல் செய்த வேலைக்கும் உதாரணம் உண்டு. திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது கவனித்தது தெருவில் நிற்கும் இஸ்திரி வண்டியை. பெட்டியில் கரி போட்டு ஊதி, எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, கூரையில் சூரியத் தகடு பொருத்திய வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது கணக்கு. 2020இல் சுவீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையில் பேசினார். தெருமுனையில் தினமும் கண்ணில் படுவதை வைத்தே வேலையைத் தொடங்கலாம் என்பதற்கு அந்த வண்டி சாட்சி.

முட்புதர்க் காட்டின் பறவை

திருத்தணி வட்டாரத்துக்கு மிக அருகில் வரும் வாழ்க்கை, பறவை ஆராய்ச்சியாளர் ப.ஜெகநாதனுடையது. நகரி மலைகளுக்கு வடக்கே விரியும் முட்புதர்க் காடுகளில், கடப்பா மாவட்டத்தின் ஸ்ரீலங்கமல்லேஸ்வரம் சரணாலயத்தில், ஜெர்டான் கோர்சர் என்ற பறவை உண்டு. தெலுங்கில் கலிவிக்கோடி. 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போய்விட்டது என்று எழுதப்பட்டது. 1986இல், உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் டார்ச் வெளிச்சத்தில் உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து காட்டினார்.

இரவில் மட்டும் நடமாடும், கூச்சமுள்ள ஒரு பறவையை எப்படி ஆராய்வது? ஜெகநாதனும் உடன் பணியாற்றியவர்களும் புதர்களுக்கு நடுவே நீளவாக்கில் மென்மண்ணைப் பரப்பி வைத்தார்கள். காலையில் அதில் பதிந்த காலடிகளைப் பார்த்து, இது கௌதாரி, இது ஆள்காட்டி, இது நாம் தேடுவது என்று பிரித்தார்கள். தானியங்கிக் கேமராவும் பதிவுசெய்த குரலும் துணைக்கு வந்தன. 2005இல் தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய்ப் பணி அந்தப் புதர்க்காட்டுக்குள் புகுந்தபோது, பறவை எங்கே இருக்கிறது என்று சொல்ல இந்த ஆய்வு கையில் இருந்தது. கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. அதே தெலுங்கு கங்கைத் திட்டத்தின் தண்ணீர்தான் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி ஏரிக்கு வந்து, சென்னைக்குக் குடிநீராகிறது. ஜெகநாதன் இப்போது நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனில் இருக்கிறார். பறவைகளைப் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதுகிறார்.

இந்த இடத்தில் எல்லையோரப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. வீட்டில் தமிழும் கடையில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் இங்கே சகஜம். கிழக்கு மலைத்தொடரின் இந்தப் பகுதியில் ஆய்வுக்கு வருபவர்களுக்கு முதல் தேவை, ஆடு மேய்ப்பவரிடம் அவர் மொழியில் பேசத் தெரிந்த ஆள்.

வேலைக்கும் குறைவில்லை. திருத்தணியை ஒட்டி ஓடும் நந்தியாறு கொசஸ்தலையில் சேர்கிறது. ஆந்திரத்தின் அம்மப்பள்ளி அணை திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்குவது மழைக்காலச் செய்தி. அதே கொசஸ்தலை பூண்டி தாண்டி, எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நீரில் முடிகிறது. ஒரே ஆற்றில் வெள்ளம், மணல், குடிநீர், மாசு, மீனவர் பிழைப்பு என்று ஐந்தாறு பேர் ஆயுள் முழுக்கச் செய்யும் வேலை கிடக்கிறது.

சம்பளக் கணக்கு

இனி அந்தச் சம்பளக் கேள்வி. ஒளிக்காமல் சொன்னால், ஆய்வுத் திட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க வேண்டும். பெண் கேட்கப் போகும் இடத்தில் ‘காட்டில் குரங்கு பார்க்கிறார்’ என்பது எடுபடாது. பெண்களுக்கு இந்தத் தடை இரட்டிப்பு. நிரந்தர வருமானம் வேண்டும் என்பவர்கள் அரசு வழியைப் பார்ப்பதே விவேகம்.

படிப்பைப் பொறுத்தவரை, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்காண்டு வனவியல் பட்டம் உண்டு. சேர்க்கை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாக. தாவரவியல், விலங்கியல் என்று எந்தக் கலைக் கல்லூரியில் படித்தவரும் மேலே காட்டுயிரியல் படிக்கலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் அதற்குப் பெயர்பெற்றவை. மதிப்பெண்ணும் ஆர்வமும் கூடியவர்களுக்கு டேராடூன் வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்கு, அறிவியல், வேளாண்மை, வனவியல், பொறியியல் போன்ற பாடங்களில் ஒன்றில் பட்டம் வேண்டும். எழுத்துத் தேர்வையும் நேர்முகத்தையும் தாண்டிய ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும் என்பது அதன் தனிச்சிறப்பு.

பட்டம் இல்லாதவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. வனக்காப்பாளர், வனக் காவலர் பணியிடங்கள் 2024இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பில் சேர்க்கப்பட்டன. வனக்காப்பாளருக்கு அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ, வனக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு. பழங்குடியின இளைஞர்களுக்கென்றே தனியாக வனக் காவலர் இடங்களும் அதில் இருந்தன. ஆனால் இருளர் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு வரை வருவதே பெரும்பாடு. அப்படி வந்த பிள்ளைக்கும் பழங்குடி சாதிச் சான்றிதழ் கிடைக்கத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பத் தேதி அதற்காகக் காத்திருப்பதில்லை. திருத்தணி வட்டாரத் தலைமை ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, சான்றிதழுக்கான விண்ணப்பத்தைப் பள்ளியின் வழியாகவே அனுப்பி வைக்க வேண்டும்.